வங்கிக்கு நேரே போகாத கடிதம்: சத்யம் மோசடியும் சட்டம் அதை நடத்திய விதமும்

2008 செப்டம்பர் 30ஆம் தேதி நிலவரப்படி, சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பு, ரொக்கமும் வங்கி இருப்புமாக 5,361 கோடி ரூபாய் கையில் இருப்பதாகச் சொன்னது. அதில் 5,040 கோடி இல்லவே இல்லை. இதை வெளியே கொண்டுவந்தது காவல்துறையும் அல்ல, தணிக்கையாளர்களும் அல்ல, பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபியும் அல்ல. நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு, 2009 ஜனவரி 7ஆம் தேதி தம் இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதத்தில் தாமே இதை ஒப்புக்கொண்டார். இந்தியாவின் நான்காவது பெரிய மென்பொருள் ஏற்றுமதி நிறுவனமாக எண்ணப்பட்ட, மும்பையிலும் நியூயார்க்கிலும் பங்குகள் வர்த்தகமான, 50,000க்கும் மேற்பட்டோர் பணியாற்றிய ஒரு நிறுவனத்தின் பொய்க்கணக்கு, அதை எழுதியவரே வாய் திறக்கும்வரை சட்டப்படி யாருடைய கண்ணிலும் படாமல் இருந்தது என்பதே இந்த வழக்கை இன்றும் எடுத்துப் படிக்க வைக்கிறது.

கடிதம் நான்கு ஓட்டைகளைக் காட்டியது. இல்லாத ரொக்கமும் வங்கி இருப்பும் 5,040 கோடி. அந்த இல்லாத பணத்துக்குச் சேர்ந்ததாகக் காட்டப்பட்ட வட்டி 376 கோடி. ராஜு ஏற்பாடு செய்து நிறுவனத்துக்குக் கொண்டுவந்ததாகச் சொன்ன, கணக்கில் காட்டாத கடன் 1,230 கோடி. வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டியதாகக் கூட்டிக் காட்டிய பாக்கி 490 கோடி. மொத்தம் 7,136 கோடி ரூபாய்.

கணக்கில் மட்டும் இருந்த பணம்

சத்யம் மோசடியைப் பற்றிப் பேசும்போது, சாதாரண மனிதருக்கு எட்டாத நுட்பமான நிதி வித்தை ஏதோ நடந்துவிட்டது போன்ற ஒரு எண்ணம் பலரிடம் உண்டு. அது தவறான எண்ணம். அதே கடிதத்தில் உள்ள ஒரு காலாண்டின் எண்களை எடுத்துக்கொண்டாலே முழுக் கதையும் விளங்கிவிடும். 2008 ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டில் வருமானம் 2,700 கோடி என்று அறிவிக்கப்பட்டது. உண்மையில் வந்தது 2,112 கோடி. செயல்பாட்டு லாபம் 649 கோடி என்று அறிவிக்கப்பட்டது. உண்மையான லாபம் 61 கோடி. இரண்டிலும் வித்தியாசம் அதே 588 கோடிதான். பொய்யான விற்பனைக்குச் சம்பளமோ வாடகையோ மின்கட்டணமோ கிடையாது. எனவே, கூட்டி எழுதிய வருமானம் ஒரு ரூபாய் குறையாமல் லாபமாக மாறியது. இப்படித்தான் 3 விழுக்காடு லாபம் பார்த்த நிறுவனம் 24 விழுக்காடு லாபம் பார்ப்பதாகக் காட்டிக்கொண்டது.

ஆனால் ஒவ்வொரு தொகையையும் இரண்டு இடங்களில் பதியும் இரட்டைப் பதிவுக் கணக்கு முறையில் பொய் லாபம் எங்காவது போய் உட்கார்ந்தே தீர வேண்டும். வாடிக்கையாளர் பாக்கியாகவே விட்டுவைத்தால், பாக்கி ஏன் வசூலாகவில்லை என்று முதலீட்டாளர்கள் கேட்பார்கள். ஆகவே, அது வசூலாகிவிட்டதாகக் காட்ட வேண்டும். வசூலான பணம் வங்கியில் இருப்பதாகக் காட்ட வேண்டும். அவ்வளவு பெரிய தொகை நடப்புக் கணக்கில் சும்மா கிடந்தால் சந்தேகம் வரும் என்பதால் அதை நிரந்தர வைப்பாக மாற்றியதாகக் காட்ட வேண்டும். நிரந்தர வைப்பு என்றால் வட்டி வர வேண்டும். வட்டி வந்தால் அதற்கு வரியும் கட்டியாக வேண்டும். இல்லாத வருமானத்துக்கு நிறுவனம் மெய்யான வரியைக் கட்டியது என்பதும், பின்னாளில் நிறுவனத்தை வாங்கியவர்கள் அந்த வரி தொடர்பாக வருமான வரித் துறையோடு ஆண்டுக்கணக்கில் வழக்காட வேண்டியிருந்தது என்பதும் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணிகள்.

இந்தச் சங்கிலி அறைக்குள் எப்படி வேலை செய்தது என்பதை விசாரணை அமைப்புகள் விரிவாகப் பதிவு செய்திருக்கின்றன. வாடிக்கையாளர்களின் பெயரில், செய்யாத வேலைக்கு விலைப்பட்டியல்கள் தயாரிக்கப்பட்டன. அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 6,000க்கும் மேற்பட்ட போலி விலைப்பட்டியல்களைக் குறிப்பிட்டது. விலைப்பட்டியல் மென்பொருளில் தனி அதிகாரம் கொண்ட ஒரு நுழைவு வழியாக இவை பதியப்பட்டதால், அந்தந்த வாடிக்கையாளரைக் கவனிக்கும் பிரிவினரின் திரையில் இவை தெரியவில்லை. தலைமையகக் கணக்கில் மட்டும் வருமானமாக ஏறின. அடுத்து, இந்தப் பணம் வந்து சேர்ந்ததாகக் காட்டும் வங்கிக் கணக்கு அறிக்கைகள் பொய்யாகத் தயாரிக்கப்பட்டன. அதற்கும் அடுத்து, நிரந்தர வைப்பு ரசீதுகள். பல பெரிய வங்கிகளின் பெயரில், 3,300 கோடி ரூபாய் அளவுக்கு, வங்கி ஒருபோதும் கொடுக்காத ரசீதுகள் நிறுவனத்தின் கோப்பில் இருந்தன.

அந்த ரசீதுகளைத்தான் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் வங்கி இருப்பைத் தணிக்கையாளர் சரிபார்க்கும் முறை உலகெங்கும் ஒன்றுதான். இன்ன தேதியில் இந்த நிறுவனத்தின் பெயரில் உங்களிடம் எவ்வளவு பணம் இருந்தது என்று கேட்டுத் தணிக்கையாளர் வங்கிக்கு ஒரு கடிதம் எழுதுவார். அந்தக் கடிதம் தணிக்கையாளரின் கையிலிருந்து வங்கிக்குப் போக வேண்டும். பதில் வங்கியிலிருந்து தணிக்கையாளரின் கைக்கே வர வேண்டும். நடுவில் நிறுவனத்தின் கை படக்கூடாது. இது 2009க்குப் பிறகு புகுத்தப்பட்ட விதி அல்ல. வெளியார் உறுதிப்படுத்தல் பற்றிய தணிக்கைத் தரநிலை இந்தியாவில் அப்போதே நடைமுறையில் இருந்தது. சத்யத்தில் அந்தக் கடிதங்கள் நிர்வாகத்திடம் ஒப்படைக்கப்பட்டன, நிர்வாகம் கொண்டுவந்து கொடுத்த பதில்கள் அப்படியே ஏற்றுக்கொள்ளப்பட்டன என்று அமெரிக்க அமைப்புகள் கண்டறிந்தன. திருட்டுப் புகாரின் விசாரணையைச் சந்தேகிக்கப்படுபவரிடமே கொடுத்து அறிக்கை எழுதி வாங்கியதற்கு ஒப்பான செயல் இது. தபால் செலவைத் தவிர வேறு எதுவும் தேவைப்படாத ஒரு வேலை, ஆண்டுதோறும் ஒழுங்காக நடந்திருந்தால், முதல் 100 கோடியிலேயே இந்த மோசடி நின்றிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மூன்று வாரங்கள்

2008 டிசம்பர் 16ஆம் தேதி, ராஜு குடும்பத்தின் கட்டுப்பாட்டில் இருந்த, நிலத் தொழிலும் கட்டுமானமும் செய்த மேட்டாஸ் பிராப்பர்ட்டீஸ், மேட்டாஸ் இன்ஃப்ரா ஆகிய இரு நிறுவனங்களைச் சத்யம் 160 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அறிவிக்கப்பட்டது. இயக்குநர் குழு ஒப்புதல் அளித்திருந்தது. முதலீட்டாளர்கள் கொதித்தெழுந்தார்கள், நியூயார்க்கில் பங்கு விலை பாதிக்கும் கீழே சரிந்தது, சில மணி நேரத்தில் பேரம் கைவிடப்பட்டது. இல்லாத சொத்துகளின் இடத்தில் இருக்கும் சொத்துகளை வைக்கும் கடைசி முயற்சியே அது என்று ராஜு தம் கடிதத்தில் எழுதினார். நிலத்தைக் கொண்டு அந்த ஓட்டையை அடைத்திருந்தால், 5,040 கோடி ரொக்கம் நிலமாக மாறிவிட்டது என்று கணக்கு நேராகியிருக்கும். மோசடி நடந்த தடமே இருந்திருக்காது. அதைத் தடுத்தது எந்தச் சட்டப் பிரிவும் அல்ல, குடும்ப நிறுவனத்தை ஏன் வாங்குகிறாய் என்று கேட்ட பங்குதாரர்களின் கோபம்.

அடுத்த நாட்களில் உலக வங்கி தன் ஒப்பந்தங்களிலிருந்து சத்யத்தை எட்டு ஆண்டுகளுக்கு விலக்கி வைத்திருந்த செய்தி வெளியானது. சுயேச்சை இயக்குநர்கள் ஒருவர்பின் ஒருவராக விலகினார்கள். புரமோட்டர்களான ராஜு குடும்பத்தினர் அடமானம் வைத்திருந்த பங்குகளைக் கடன் கொடுத்தவர்கள் விற்கத் தொடங்கினார்கள். 2001இல் கால் பங்குக்கு மேல் வைத்திருந்த குடும்பத்திடம் அப்போது பெயரளவுப் பங்கே மிஞ்சியிருந்தது. ஜனவரி 7 கடிதத்தில் ராஜு, புலியின் மேல் ஏறிவிட்டு, அதற்கு இரையாகாமல் இறங்கும் வழி தெரியாமல் இருந்தது போன்ற நிலை என்று எழுதினார். நம் ஊர்ப் பேச்சில் இதைப் புலிவாலைப் பிடித்த கதை என்போம். ஆனால் இந்தப் புலியை வளர்த்ததும் அவர்தான். வளர்ந்துகொண்டே இருந்த ஆண்டுகளில் தம் பங்குகளை உயர்ந்த விலையில் விற்றும் அடமானம் வைத்தும் அந்தக் குடும்பத்தினர் பயனடைந்தார்கள் என்பதையே செபியும் சிபிஐயும் பிற்பாடு நிலைநாட்ட முயன்றன. நிறுவனத்திலிருந்து தாம் ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை என்று கடிதத்தில் சொன்னது, பணப்பெட்டியை மட்டும் பார்த்தால் உண்மையாகத் தோன்றலாம்; பங்கு விலையே பணப்பெட்டி ஆகிவிட்ட நிலையில் அந்த வாதத்துக்கு எடை இல்லை.

கடிதம் வெளியான அன்று ஏறத்தாழ 179 ரூபாயில் இருந்த பங்கு 40 ரூபாய்க்குக் கீழே முடிந்தது.

நிறுவனத்தைக் காப்பாற்றிய முடிவு

சட்டமும் அரசும் சரியாகச் செயல்பட்ட பகுதி என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், அது அடுத்த நூறு நாட்கள். இரண்டே நாட்களில் கம்பெனிச் சட்ட வாரியத்தின் உத்தரவோடு பழைய இயக்குநர் குழு அகற்றப்பட்டது; தீபக் பரேக், கிரண் கார்னிக், சி. அச்சுதன் ஆகியோரைக் கொண்ட புதிய குழுவை மத்திய அரசு நியமித்தது. பிறகு மேலும் மூவர் சேர்க்கப்பட்டனர். நிறுவனத்தை மூடி, சொத்துகளை விற்று, கடன்காரர்களுக்குப் பிரித்துக்கொடுக்கும் பழைய வழியை அரசு தேர்ந்தெடுக்கவில்லை. 2009 ஏப்ரல் 13ஆம் தேதி நடந்த ஏலத்தில், பங்கு ஒன்றுக்கு 58 ரூபாய் கொடுத்து 31 விழுக்காட்டை டெக் மகிந்திரா எடுத்தது. குற்றம் செய்தவர்கள் வேறு, நிறுவனம் வேறு என்ற பிரிவை அரசு இவ்வளவு தெளிவாகப் பிடித்துக்கொண்டதால்தான் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சம்பளம் நிற்காமல் இருந்தது.

குற்ற வழக்கு

ராஜுவும் அவருடைய தம்பியும் நிர்வாக இயக்குநருமான ராம ராஜுவும் ஜனவரி 9ஆம் தேதி கைது செய்யப்பட்டனர். வழக்கு பிப்ரவரியில் சிபிஐ கைக்குப் போனது; ஏப்ரலிலேயே முதல் குற்றப்பத்திரிகை தாக்கலானது. இங்கே ஒரு சட்டச் சிக்கலைக் கவனிக்க வேண்டும். அன்று நடைமுறையில் இருந்த 1956ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தில், பொய்யான அறிக்கை வெளியிடுவதற்கான 628ஆம் பிரிவின் உச்ச தண்டனை இரண்டு ஆண்டுச் சிறை. 7,000 கோடிப் பொய்க்கும், ஒரு சிறு நிறுவனத்தின் ஆண்டறிக்கைப் பொய்க்கும் அதே இரண்டு ஆண்டுதான். ஆகவே சிபிஐ, இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய பிரிவுகளை நாடியது: கூட்டுச்சதி, ஏமாற்றுதல், நம்பிக்கை மோசடி, மதிப்புமிக்க ஆவணத்தைப் போலியாகத் தயாரித்தல், கணக்குகளைப் பொய்யாக்குதல். 1860இல் எழுதப்பட்ட அந்தச் சட்டத்தின் 477ஏ பிரிவு, கணக்கெழுதும் குமாஸ்தா பேரேட்டைத் திருத்துவதை மனத்தில் வைத்துப் பின்னர் சேர்க்கப்பட்டது. அது மென்பொருளில் மறைத்து வைத்த விலைப்பட்டியல்களுக்கும் பொருந்தியது என்பது அப்பிரிவை எழுதியவர்களின் திறமைக்குச் சான்று.

ஜாமீன் விஷயத்தில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. 2010 ஆகஸ்டில் ஆந்திர உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2011 நவம்பரில் உச்ச நீதிமன்றமே மீண்டும் ஜாமீன் அளித்தது. பொருளாதாரக் குற்றங்களைத் தனி வகையாக நடத்த வேண்டும் என்ற கருத்து நம் நீதிமன்றங்களுக்குப் புதிதல்ல. கொலை கண நேர ஆவேசத்தில் நடந்துவிடலாம், பொருளாதாரக் குற்றமோ சமூகத்துக்கு நேரும் விளைவைப் பொருட்படுத்தாமல் சொந்த லாபத்துக்காகக் குளிர்ந்த மனத்தோடு திட்டமிட்டுச் செய்யப்படுவது என்று 1987இலேயே உச்ச நீதிமன்றம், மோகன்லால் போர்வால் வழக்கில் எழுதியிருக்கிறது. 2013இல் ஜெகன்மோகன் ரெட்டியின் ஜாமீன் மனுவிலும் அதே அணுகுமுறையைக் கையாண்டது. விசாரணைக் கைதியை ஆண்டுக்கணக்கில் உள்ளே வைத்திருப்பதைத் தண்டனைக்கு மாற்றாகக் கருதும் போக்கை நான் ஏற்கவில்லை. ஆனால் தீர்ப்பு வரத் தாமதமாகும் நாட்டில், சிறைக்குள் கழிந்த விசாரணைக் காலமே உண்மையில் அனுபவித்த தண்டனையாக முடிந்துவிடுகிறது என்பதைச் சத்யம் வழக்கே காட்டியது.

220க்கும் மேற்பட்ட சாட்சிகள், 3,000க்கும் மேற்பட்ட ஆவணங்கள். 2015 ஏப்ரல் 9ஆம் தேதி ஐதராபாத் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேரையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. ராஜு சகோதரர்களுக்கு ஏழு ஆண்டுக் கடுங்காவலும் தலா 5 கோடி ரூபாய் அளவில் அபராதமும் விதிக்கப்பட்டன. ஒரு மாதம் கடந்ததும், மே 11ஆம் தேதி, மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் வழங்கியது. தீர்ப்புக்கு முன்பே ஏறத்தாழ முப்பத்திரண்டு மாதங்கள் சிறையில் இருந்தவர்களுக்குத் தீர்ப்புக்குப் பின் இருந்தது ஒரு மாதம்தான்.

பத்துப் பேரும் தனிமனிதர்கள். நிறுவனம் அந்தக் கூண்டில் இல்லை. சட்டம் அனுமதிக்காததால் அல்ல: 2005இல் ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கி வழக்கில், சிறைத்தண்டனை கட்டாயமாக உள்ள குற்றத்துக்கும் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடரலாம், அதற்கு அபராதம் விதிக்கலாம் என்று அரசியல் சாசன அமர்வு முடிவு செய்தது. 2010இல் இரிடியம் வழக்கில், நிறுவனத்தை இயக்குபவர்களின் குற்ற மனத்தை நிறுவனத்தின் மனமாகக் கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. இதற்கு எதிர்த்திசையில், நிறுவனம் குற்றம் செய்தது என்பதற்காக அதன் இயக்குநரைத் தானாகவே குற்றவாளியாக்க முடியாது, அவருடைய பங்கு தனியே காட்டப்பட வேண்டும் என்பது 2015 ஜனவரியில் சுனில் பார்தி மிட்டல் வழக்கில் உறுதியானது. சத்யத்தில் நிறுவனத்தைக் குற்றவாளியாகச் சேர்த்திருந்தால் அபராதம் கட்டியிருக்க வேண்டியவர்கள், ஏற்கெனவே பணத்தை இழந்த பங்குதாரர்களே. அந்த வகையில் இந்திய அரசுத் தரப்பின் முடிவு நியாயமானது.

தணிக்கையாளரின் பொறுப்பு

தண்டிக்கப்பட்ட பத்துப் பேரில், சத்யத்தின் கணக்குகளைத் தணிக்கை செய்த பிரைஸ் வாட்டர்ஹவுஸ் நிறுவனத்தின் இரண்டு கூட்டாளிகளும் (பார்ட்னர்கள்) இருந்தனர். ஆனால் தணிக்கை நிறுவனத்தின் பொறுப்பு என்ன என்ற கேள்வியில் இந்தியச் சட்டம் தடுமாறியது. அமெரிக்காவில் 2011 ஏப்ரலிலேயே பிரைஸ் வாட்டர்ஹவுஸின் இந்திய நிறுவனங்கள் அந்நாட்டு ஆணையத்துக்கு 60 லட்சம் டாலரும், தணிக்கைக் கண்காணிப்பு வாரியத்துக்கு 15 லட்சம் டாலரும் கட்ட ஒப்புக்கொண்டன. இந்தியாவில் செபி உத்தரவு வர 2018 ஜனவரி ஆனது. பட்டியலிட்ட நிறுவனங்களை அவை இரண்டு ஆண்டு தணிக்கை செய்யக்கூடாது, 13 கோடி ரூபாயை வட்டியோடு திருப்பிச் செலுத்த வேண்டும் என்றது செபி. 2019 செப்டம்பரில் பங்கு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்தத் தடையை ரத்து செய்தது. தணிக்கையின் தரத்தை ஆராய்ந்து தணிக்கையாளரைத் தடை செய்யும் அதிகாரம் செபிக்கு இல்லை, மோசடியில் உடந்தை நிரூபிக்கப்பட்டால்தான் அது தலையிடலாம் என்பது தீர்ப்பாயத்தின் நிலை. பணத்தைத் திருப்பிச் செலுத்தும் பகுதி நிலைத்தது.

தீர்ப்பாயத்தின் சட்ட வாதத்தை மறுப்பது எளிதல்ல. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். கடிதத்தை நேரே வங்கிக்கு அனுப்பாதது அலட்சியமா, உடந்தையா என்ற கேள்வி தனிமனிதக் கூட்டாளிகளுக்குச் சிறையா விடுதலையா என்று தீர்மானிக்கிறது; அவர்களை அனுப்பிய, கட்டணம் வாங்கிய, ஆண்டுதோறும் அவர்களுடைய வேலையைச் சரிபார்த்திருக்க வேண்டிய நிறுவனத்துக்கோ அலட்சியம் ஒரு கவசமாகிவிடுகிறது. இந்த இடைவெளியை நிரப்பவே 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், தேசிய நிதி அறிக்கை ஆணையத்துக்கு வழி செய்தது. பட்டயக் கணக்காளர் அமைப்பின் எதிர்ப்பால் அது நடைமுறைக்கு வர 2018 அக்டோபர் ஆனது. தணிக்கை நிறுவனத்தையே நேராகத் தண்டிக்கும் அதிகாரம் இப்போது அதனிடம் இருக்கிறது.

அதே சட்டத்தின் 447ஆம் பிரிவு மோசடிக்குத் தனி வரையறையும் ஆறு மாதம் முதல் பத்து ஆண்டு வரை சிறையும் வைத்தது; பொதுநலன் சம்பந்தப்பட்டால் மூன்று ஆண்டுக்குக் குறையக்கூடாது. அபராதம் மோசடித் தொகைக்குக் குறையாமலும் அதன் மும்மடங்குக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். தணிக்கையாளரைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்றுவதும், மோசடி தெரிந்தால் அவர் மத்திய அரசுக்கு அறிவிப்பதும் கட்டாயமாயின. ஆயினும், குற்றம் நடந்தபோது இல்லாத தண்டனையைப் பின்னால் விதிக்க அரசியல் சாசனத்தின் 20ஆம் பிரிவு இடம் தராது. 7,136 கோடிக்கு 5 கோடி அபராதம் என்று முடிந்த வழக்குக்கு இந்தப் புதிய அளவு பொருந்தவில்லை.

பணத்தை இழந்தவர்கள்

செபி 2014 ஜூலையில் ராஜு உள்ளிட்ட ஐவரை 14 ஆண்டு சந்தையிலிருந்து விலக்கி, 1,849 கோடி ரூபாயை 2009 ஜனவரி 7 முதல் 12 விழுக்காடு வட்டியோடு திருப்பித் தரச் சொன்னது. மேல்முறையீடுகளும் மறுபரிசீலனைகளும் தொடர்ந்தன. 2023 நவம்பரில் செபி பிறப்பித்த புதிய உத்தரவில் அந்தத் தொகை ஏறத்தாழ 624 கோடியாக இறங்கியது. இப்படி வசூலாகும் பணம் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போகுமே ஒழிய, பங்கு வாங்கி இழந்தவரின் வங்கிக் கணக்குக்குத் தானாக வராது.

அமெரிக்காவில் நடந்தது வேறு. அங்கே பங்குகளை வாங்கியவர்கள் கூட்டு வழக்குத் தொடர்ந்தார்கள். 2011இல் சத்யம் 12.5 கோடி டாலரும், பிரைஸ் வாட்டர்ஹவுஸ் தரப்பு 2.55 கோடி டாலரும் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டன. இந்தியாவில் ஒரு முதலீட்டாளர் சங்கம் இழப்பீடு கேட்டுத் தேசிய நுகர்வோர் ஆணையத்தின் கதவைத் தட்டியது. ஆணையம் ஏற்கவில்லை, 2009இல் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. 2009 ஜனவரி 6ஆம் தேதி ஒருவர் மும்பையிலும் மற்றொருவர் நியூயார்க்கிலும் அதே நிறுவனத்தின் பங்கை, அதே பொய்க்கணக்கை நம்பி வாங்கியிருந்தால், ஒருவர் இழப்பீட்டில் பங்கு கேட்க முடிந்தது. மற்றவருக்குக் கேட்கும் இடமே இல்லை. அதைவிடக் கசப்பான கணக்கு ஒன்றும் உண்டு: அந்த 12.5 கோடி டாலரைக் கொடுத்தது ராஜு அல்ல, சத்யம் நிறுவனம். அதாவது, பங்கை விற்காமல் வைத்திருந்த இந்தியச் சிறு முதலீட்டாளரும் தம் பங்களவுக்கு அதில் ஒரு பகுதியைச் சுமந்தார்.

கம்பெனிகள் சட்டத்தின் 245ஆம் பிரிவு, பங்குதாரர்கள் ஒன்றுசேர்ந்து நிறுவனத்தின் மீதும் இயக்குநர்கள் மீதும் மட்டுமின்றி, தவறான தணிக்கை அறிக்கை தந்த தணிக்கை நிறுவனத்தின் மீதும் இழப்பீடு கோர வழி தருகிறது. அது நடைமுறைக்கு வந்தது 2016 ஜூன் 1ஆம் தேதி. 179 ரூபாய்க்கு வாங்கிய சத்யம் பங்கை 40 ரூபாய்க்கு விற்றுவிட்டுப் போனவருக்கு ஏழு ஆண்டு தாமதமாக.